டி1 என்றால் என்ன?

ராகியின் மரபணுத் தரவுக்காக நான் போட்ட முதல் தேடலுக்கு இருபது பதில் வந்தது. பத்தொன்பதும் இல்லை, இருபத்தொன்றும் இல்லை, கச்சிதமாக இருபது. உலகம் முழுக்கச் சேர்த்தே ராகியில் இவ்வளவுதான் வேலை நடந்திருக்கிறதா என்று எனக்குப் பெரிய வருத்தமாகிவிட்டது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் பிறந்தவளுக்கு அந்த வருத்தம் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். தாத்தா காலம் வரை எங்கள் வீட்டில் அரிசிச்சோறு நல்லநாள் பெரியநாளுக்கு மட்டும். மற்ற நாளெல்லாம் களி.

லேபில் பக்கத்து மேசை அண்ணன் மதுரைக்காரர். என் முகத்தைப் பார்த்துவிட்டு எட்டிப்பார்த்தார்.

"எத்தனை வந்துச்சு?"

"இருபதுண்ணா."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எல்லாருக்கும் முதல் நாள் இருபதுதாம்மா வரும். மேல கவுன்ட்டுன்னு ஒரு வரி இருக்குமே, அதைப் படிச்சியா?"

படிக்கவில்லை. இந்த மாதிரித் தரவைச் சேர்த்து வைத்திருக்கும் அமெரிக்காவின் என்சிபிஐ தரவுத்தளத்தை நாம் எழுதும் ஸ்கிரிப்ட் வழியாகக் கேட்பதற்கு ஈ-யூட்டிலிட்டீஸ் என்று ஒரு வசதி உண்டு. எத்தனை வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், உள்ளே எத்தனை ஆயிரம் இருந்தாலும் முதல் இருபது அடையாள எண்களைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். மிச்சம் இருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கையெல்லாம் வராது. மொத்தக் கணக்கு தனியாக ஒரு வரியில் கிடக்கும், பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம். கேட்டால்தான் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் மாதிரி. அன்று மாலை திரும்பத் தேடியபோது நூற்றுக்கணக்கில் வந்தது.

இது பெங்களூரில், சில வருடங்களுக்கு முன் நடந்தது. மத்திகெரேயில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்டாக இருந்தேன். கைடு கொடுத்த வேலை கேட்பதற்கு எளிது. ராகிச் செடிக்குத் தண்ணீரை நிறுத்தினால் அதன் இலைக்குள் எந்தெந்த ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன, எவை அடங்கிப்போகின்றன என்று பல ஊர்களில் பல பேர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். இலையைக் கிள்ளி, அதிலுள்ள ஆர்என்ஏவைப் பிரித்து (விழித்த ஜீன் எடுத்துவிடும் நகல்தான் ஆர்என்ஏ), அதன் எழுத்து வரிசையைப் படித்து, அந்தத் தரவைப் பொதுத் தரவுத்தளத்தில் போட்டிருக்கிறார்கள். போட்டிருந்தால்தான் பெரும்பாலான பத்திரிகைகள் கட்டுரையைத் தொடும். அதையெல்லாம் ஓரிடத்தில் இறக்கி, சேர்த்து வைத்துப் பார்த்தால் தனித்தனியாகத் தெரியாத ஏதாவது தெரிகிறதா? அவ்வளவுதான் கேள்வி. புதிதாகச் சோதனை செய்யப் பணம் இல்லை. "நெட் இருக்கு, டிஸ்க் இருக்கு, நீங்க இருக்கீங்க. வேற என்ன வேணும்?" என்றார் சார். ஒரு மாதத்தில் முடியும் என்று இரண்டு பேருமே நம்பினோம்.

எங்கே தேடுவது என்பதில் குழப்பம் இல்லை. இந்த மாதிரித் தரவுக்கு உலகத்தில் மூன்று பெரிய வாசல்கள். என்சிபிஐ, மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில். ஐரோப்பியர்களின் ஈஎன்ஏ, கேம்பிரிட்ஜ் பக்கத்து ஹிங்க்ஸ்டனில். ஜப்பானியர்களின் டிடிபிஜே, மிஷிமாவில். மூன்றும் தங்களுக்குள் தினமும் பரிமாறிக்கொள்வதால் ஒன்றில் போட்டது மற்ற இரண்டிலும் கிடைக்கும். அடையாள எண்ணின் முதல் எழுத்தைப் பார்த்தே எந்த வாசலில் நுழைந்தது என்று சொல்லிவிடலாம். எஸ்ஆர்ஆர் என்றால் அமெரிக்கா, ஈஆர்ஆர் என்றால் ஐரோப்பா, டிஆர்ஆர் என்றால் ஜப்பான். டிஎன் 70 பார்த்தவுடன் ஓசூர் வண்டி என்று தெரிகிற மாதிரி.

இந்த ஏற்பாட்டின் ஆரம்பம் ரொம்பச் சின்னது. அமெரிக்காவில் ஜென்பேங்க் என்ற தரவுத்தளம் 1982-ல் லாஸ் அலமோஸில் தொடங்கியது. ஆமாம், அணுகுண்டு செய்த அதே லாஸ் அலமோஸ்தான். அந்த வருடம் டிசம்பர் வெளியீட்டில் மொத்தம் 606 வரிசைகள், 6,80,338 எழுத்துகள். அவ்வளவுதான் மனித குலத்தின் கையிருப்பு. நான் இறக்கிய ராகி மாதிரிகளில் ஒன்றை மட்டும் எடுத்தால்கூட அதில் இயந்திரம் படித்த இரண்டு கோடித் துண்டுகள், ஒவ்வொன்றிலும் 150 எழுத்து. அந்தக் காலத்துக் கையிருப்பு முழுவதும் என் ஒரு ஃபைலுக்குள் எங்கோ ஒரு மூலையில் அடங்கிவிடும்.

சரி, நூற்றுக்கணக்கில் வந்தது என்றேன் இல்லையா. அதைத் திறந்து பார்த்தால் பாதி ராகியே இல்லை.

ராகிக்கு எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரிலும் கன்னடத்திலும் ராகி. தர்மபுரிப் பக்கம் கேவுரு. எங்கள் லேபின் திருநெல்வேலி அக்காவுக்குக் கேப்பை. பாடப்புத்தகத்தில் கேழ்வரகு, இலங்கையில் குரக்கன், மராத்தியில் நாச்சணி, உத்தராகண்ட்டில் மண்டுவா, நேபாளத்தில் கோதோ. விஞ்ஞானப் பெயர் எலூசின் கொரகானா. அந்தக் கொரகானாவில் எனக்குக் குரக்கன் சத்தம் கேட்கிறது. இத்தனை பேரையும் கட்டி மேய்க்கத்தான் தரவுத்தளம் ஒவ்வோர் உயிருக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. ராகியின் எண் 4511. அதைப் போட்டுத் தேடினால் ராகியும் அதன் துணையினங்களும் மட்டும் வரும். நான் எண்ணைப் போடவில்லை. பெயரை அடித்து, எல்லாக் கட்டங்களிலும் தேடு என்று விட்டுவிட்டேன். அதனால் எலூசின் கொரகானா என்ற சொல் எங்கெல்லாம் இருந்ததோ அதெல்லாம் வந்து விழுந்தது. அதில் பெரிய கும்பல் ஒரு பூஞ்சை.

ராகிக் கதிரைக் கருக்கும் குலைநோய் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பூஞ்சையின் எழுத்து வரிசையை யாராவது படித்துப் போட்டால், உயிரினம் என்ற கட்டத்தில் பூஞ்சையின் பெயரை எழுதுவார்கள். எந்தச் செடியிலிருந்து எடுத்தது என்ற கட்டத்தில் எலூசின் கொரகானா என்று எழுதுவார்கள். அவர்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. நான் ராகியைக் கேட்டேன். ராகியைத் தின்பவனும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டான். இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது அப்பா, "வயல்லயும் அப்படித்தானம்மா வரும்" என்றார்.

செடி வளர்ந்த ஊரின் மழையோடு ஒப்பிடலாம் என்று ஊர்ப் பெயரில் தேடியதும் இதே லட்சணம். 2014 நவம்பர் 1-ஆம் தேதி பாங்களூர் பெங்களூரு ஆனது. அதற்கு முன் போட்டவர்கள் ஒரு மாதிரி எழுதியிருந்தார்கள், பின்னால் வந்தவர்கள் இன்னொரு மாதிரி. சிலர் கர்நாடகா என்று மட்டும் எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இந்தியா என்பதோடு நிறுத்தியவர்கள்தான் அதிகம். இவ்வளவு பெரிய நாட்டில் எங்கே போய் மழைக் கணக்கைத் தேடுவது?

இறக்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பட்ட அவஸ்தை எல்லோருக்கும் பொது. யார் கேட்கிறார்கள் என்று தெரிய என்சிபிஐ கொடுக்கும் சாவி எண்ணை வாங்காதவர்கள் விநாடிக்கு மூன்று கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது, வாங்கியவர்களுக்குப் பத்து. நான் இடைவெளியே விடாமல் கேட்கும்படி எழுதிவிட்டேன். 429 என்று ஒரு பதில் வந்தது. ஓவராகக் கேட்கிறாய், அடங்கு என்று அர்த்தம். நிறுவனம் முழுக்க ஒரே இணைய முகவரியில் வெளியே போவதால், மாடியில் எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவருடைய வேலையும் நின்றுபோனது. அவர் இறங்கி வந்து கன்னடத்தில் மரியாதையாகத்தான் கேட்டார். மரியாதையாகக் கேட்டதுதான் சுருக்கென்று இருந்தது.

அப்புறம் இந்த ராத்திரிப் பழக்கம். "சாயந்திரம் போட்டுட்டுப் போ, காலையில வந்து பாரு" என்பது எங்கள் லேபின் வேதவாக்கு. பெரிய வேலைகளை வார இறுதியிலோ, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு ஒன்பது முதல் காலை ஐந்துக்குள்ளோ வைத்துக்கொள்ளுங்கள் என்று என்சிபிஐ எழுதியே வைத்திருக்கிறது. அங்கே கோடைக் கணக்கு நடக்கும்போது அது நமக்குக் காலை ஆறரை முதல் மதியம் இரண்டரை. நாங்கள் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் அங்கே நடுப்பகல் பன்னிரண்டரை, ஆபீஸ் களைகட்டியிருக்கும் நேரம். எத்தனை வருடமாகச் சர்வர் ஸ்லோ, சர்வர் ஸ்லோ என்று திட்டியிருக்கிறார்கள்! நான் காலை ஏழு மணிக்கு வந்து ஓட்ட ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் கேன்டீனில் தட்டு இட்லி சூடாகவும் இருக்கும்.

அமெரிக்க ஃபைல் சுருக்கிக் கட்டிய மூட்டை. பிரித்தால் ஊதும். "பத்து மடங்கு இடம் வெச்சுக்க" என்று மதுரை அண்ணன் சொன்னதைக் காதில் வாங்காமல் பொது டிஸ்க்கை நிரப்பி ஒரு வாரம் கெட்ட பெயரோடு திரிந்தேன். பிறகு ஈஎன்ஏ பக்கம் போய்விட்டேன். அங்கே பிரித்து வைத்த ஃபைலாகவே கிடைக்கும், கூடவே அதன் எம்டி5 எண்ணும். அது 32 எழுத்தில் ஒரு கைரேகை. இறக்கிய ஃபைலுக்கு நாம் போட்டுப் பார்க்கும் கைரேகை அதோடு ஒத்துப்போனால் வழியில் எதுவும் சிந்தவில்லை என்று அர்த்தம். ஒரு மழை நாளில் கரண்ட் போய் வந்தபோது இறங்கிய ஒரு ஃபைலின் அளவு பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. கைரேகை ஒத்துப்போகவில்லை. அன்றிலிருந்து எம்டி5 பார்க்காமல் எதையும் திறப்பதில்லை.

அந்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும். ஃபாஸ்ட்க்யூ என்று பெயர். ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு வரி. முதல் வரியில் துண்டின் பெயர். இரண்டாவதில் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகள் மாறி மாறி 150 தடவை. மூன்றாவதில் வெறும் கூட்டல் குறி. நான்காவது வரிதான் அழகு. முதலில் பார்த்தால் பூனை கீபோர்டில் நடந்த மாதிரி இருக்கும்: கேள்விக்குறி, ஆச்சரியக்குறி, கமா, எண்கள். மேலே உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் நேர் கீழே ஒரு குறி. அந்த எழுத்தை இயந்திரம் எவ்வளவு நிச்சயமாகப் படித்தது என்பதை அது சொல்கிறது. கேள்விக்குறி என்றால் மதிப்பெண் 30, ஆயிரத்தில் ஒன்று தப்பாக இருக்கலாம். ஆச்சரியக்குறி என்றால் பூஜ்யம், கொஞ்சமும் நம்பாதே. கேள்விக்குறியை நம்பு, ஆச்சரியக்குறியை நம்பாதே என்பது எனக்கு இன்றைக்கும் வேடிக்கையாக இருக்கிறது. இரண்டு கோடித் துண்டு, துண்டுக்கு 150 எழுத்து, அத்தனைக்கும் தனித்தனியாக ஒரு சந்தேகக் கணக்கு! இவ்வளவு நேர்மையான ஆவணத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தத் துண்டுகளைப் பொருத்திப் பார்க்க ராகியின் முழு மரபணுத்தொகை வேண்டும். அது எம்எல்-365 என்ற ரகத்துக்குச் செய்யப்பட்டு 2017-ல் வெளியானது. செய்தவர்கள் நம்ம ஜிகேவிகே, அதாவது ஹெப்பாள் தாண்டி இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்கள். அரிசியைப் போல மூன்று மடங்குக்கு மேல் பெரிய தொகை அது. இரண்டு மூதாதைப் புற்களின் தொகை ஒன்றாகச் சேர்ந்து உண்டான பயிர் என்பதால் ஒவ்வொரு ஜீனுக்கும் ஏறக்குறைய ஒரு ஜோடி இருக்கும். துண்டு எந்த ஜோடிக்காரனுடையது என்ற தகராறு கடைசிவரை தீராது. எங்கள் லேபிலிருந்து பஸ் பிடித்துப் போய்விடும் தூரத்தில் செய்த வேலை, என் கணினிக்கு அட்லாண்டிக் கடந்து வந்து சேர்ந்தது.

இப்போது அந்த டி1.

நான் சேர்த்தவற்றில் ஒரு ஆய்வுத் தொகுதி பார்க்க ரொம்ப ஒழுங்காக இருந்தது. எந்த ஊர், யார் செய்தது என்று சொல்லப்போவதில்லை. மாதிரிகளின் பெயர் சி1, சி2, சி3, டி1, டி2, டி3. எந்தக் கட்டமும் காலியாக இல்லை. திசு: இலை. ரகம்: இருந்தது. எம்டி5 எல்லாம் பொருந்தியது. எழுத்துகளின் தரமும் பிரமாதம். சி என்றால் கன்ட்ரோல், தண்ணீர் ஊற்றிய செடி. டி என்றால் ட்ரீட்மென்ட், தண்ணீர் நிறுத்திய செடி. ஒவ்வொன்றிலும் மூன்று செடி, ஒரே சோதனையை மூன்று முறை செய்தது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? யாரையும் கேட்காமல் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மாதிரிகளையெல்லாம் ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைத்துப் பார்ப்பது வழக்கம். ஒரே மாதிரி நடந்துகொள்ளும் மாதிரிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். சி மூன்றும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தன. டி1 அவற்றுக்குச் சற்றுத் தள்ளி. டி2 இன்னும் தள்ளி. டி3 கண்ணுக்கெட்டாத மூலையில்.

"மூணாவது மாதிரி கெட்டுப்போச்சு போல சார்" என்றேன்.

சார் பார்த்தார். "அவுட்லையர். தூக்கிடுங்க."

தூக்கிவிட்டேன். மூன்று வாரம் அதை வைத்து வேலை செய்தேன். அட்டவணைகள் வந்தன, படங்கள் வந்தன, லேப் மீட்டிங்கில் காட்டினேன். திருநெல்வேலி அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் கணினிக்காரர் அல்ல. பசுமைக்குடிலில் செடி வளர்ப்பவர். கை நகத்தில் எப்போதும் கொஞ்சம் மண் இருக்கும். எல்லோரும் போன பிறகு வந்தார்.

"அந்த முதல் படத்தை இன்னொரு தடவை காட்டு." காட்டினேன். "மூணும் ஒரே நாள் வாடுன செடின்னா இப்படி வரிசையா தள்ளித் தள்ளி நிக்காதேம்மா. கெட்டுப்போன மாதிரின்னா எங்கிட்டாவது கோணலா போய் விழும். இது ஒரே திசையில நடந்து போற மாதிரில்லா இருக்கு. ஏ, நீ கேப்பைச் செடி வாடி பாத்திருக்கியா இல்லையா?"

பார்த்திருக்கிறேன். அதுதான் எனக்கு வெட்கம். மழை ஏமாற்றிய வருடங்களில் எங்கள் மேட்டு நிலத்தில் முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. அப்புறம் மதியத்தில் மட்டும் இலை சுருண்டு சாயங்காலம் விரியும். அப்புறம் சாயங்காலமும் விரியாது. இதையெல்லாம் பார்த்தே வளர்ந்துவிட்டு, திரையில் மூன்று புள்ளியாக வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கட்டுரையைத் தேடி எடுத்துச் செய்முறைப் பகுதியைப் படித்தேன். அதிலும் தெளிவாக இல்லை. பதிவில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு எழுதினேன்; திரும்பி வந்துவிட்டது. கட்டுரையின் கடைசி ஆசிரியருக்கு எழுதினேன். அவர் முன்னாள் மாணவர் ஒருவரைக் கைகாட்டினார். பதினோராவது நாள் அந்த மாணவரிடமிருந்து பதில் வந்தது. அவர் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். டி என்பது டைம் என்று எழுதியிருந்தார். டி1 தண்ணீர் நிறுத்திய மூன்றாம் நாள், டி2 ஆறாம் நாள், டி3 ஒன்பதாம் நாள். சி1, சி2, சி3 அதே நாட்களில் தண்ணீர் ஊற்றிய செடிகள். படிவத்தை ராத்திரி இரண்டு மணிக்கு நிரப்பியதாகவும், மறுநாள் காலைக்குள் எண் கிடைக்காவிட்டால் பத்திரிகை கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடும் நிலை என்றும், மன்னிக்கவும் என்றும் எழுதியிருந்தார்.

ஆக, நான் கெட்டுப்போனது என்று தூக்கி எறிந்தது ஒன்பது நாள் தாகத்தில் நின்ற செடி. வறட்சியைப் படிக்கத்தான் கிளம்பினேன். அந்தத் தொகுதியில் உண்மையான வறட்சி அது ஒன்றில்தான் இருந்தது.

அந்த மாணவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பொய் எதுவும் எழுதவில்லை. தனக்கு அர்த்தமானதை எழுதினார். தரவுத்தளமும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஓர் எழுத்தைப் படித்ததில் எவ்வளவு சந்தேகம் என்று கோடிக்கணக்கான தடவை எழுதிவைத்த அதே ஃபைலுக்கு, மேலே ஒட்டிய சீட்டில் டி1 என்று எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க வழியில்லை.

சில தரவுத்தளங்கள் கேட்கும். புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேமிக்கும் பிடிபி 1971-ல் ஏழே ஏழு வடிவங்களோடு தொடங்கியது. அதில் ஒரு வடிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இயற்கையில் சாத்தியமான கோணத்தில்தான் திரும்பியிருக்கிறதா என்று சோதித்து அறிக்கை போட்டுவிடுவார்கள். அந்தச் சோதனைக்குப் பெயரே ராமச்சந்திரன் வரைபடம். ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963-ல் வெளியிட்டது. பிறகு அவர் பெங்களூர் வந்து இந்திய அறிவியல் கழகமான ஐஐஎஸ்சியில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னப் பொறாமை வரும். கோணத்துக்குக் கணக்கு இருக்கிறது, அதனால் தப்பைப் பிடிக்க முடிகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு நிரப்பிய கட்டத்துக்கு எந்தக் கணக்கு?

கட்டமும் சில சமயம் தானாகவே மாறிவிடுகிறது, அது வேறு கதை. மனித ஜீன்களில் செப்ட்2, மார்ச்1 என்றெல்லாம் பெயர் இருந்தது. எக்செலில் ஒட்டினால் அது செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாக்கிவிடும். எக்செல் ஜீன் பட்டியலை இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தக் கோளாறு இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு கண்டுபிடித்தது. எக்செலோடு மல்லுக்கட்டி ஆகாது என்று 2020-ல் ஜீன்களுக்கே பெயர் மாற்றிவிட்டார்கள். மாப்பிள்ளைக்குச் சட்டை பொருந்தவில்லை என்று மாப்பிள்ளையை மாற்றிய கதை.

டி3-ஐத் திரும்ப உள்ளே வைத்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினோம். சேர்த்த மற்ற தொகுதிகளையும் இதே கண்ணோடு பார்த்ததில் இன்னும் இரண்டில் அர்த்தம் நிச்சயமில்லை. ஒருவர் பதில் போட்டார், மற்றவர் போடவில்லை. பதில் வராததை விட்டுவிட்டோம். ஒரு மாதம் என்று நினைத்த வேலை ஒன்றரை வருடம் ஆனது.

இதற்குள் சாருக்குக் கொஞ்சம் பணம் கிடைத்தது. நாங்களே ஒரு சோதனை வைக்கலாம் என்றார். எம்எல்-365-ஓடு ஒப்பிட எங்கள் வீட்டு விதையையும் எடுத்து வந்தேன். பசுமைக்குடிலில் அக்கா வளர்த்தார், நான் நாள் கணக்கு வைத்து இலை கிள்ளினேன். தரவு வந்தது. அரசுப் பணத்தில் செய்தது என்பதால் ஃபரிதாபாத்தில் 2022 நவம்பரில் திறந்த நம் நாட்டு உயிரியல் தரவு மையத்திலும் சேர்க்கவேண்டும் என்றார் சார். முதலில் என்சிபிஐ படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். ஃபைல்களைத் திறந்தால், என் கையால் நானே வைத்த பெயர்கள்: டி1, டி2, டி3.

இலை போட்ட சின்னக் குழாயின் மேல் எழுத அவ்வளவுதான் இடம் இருந்தது, வேறென்ன சொல்ல.

ஒவ்வொன்றையும் விரித்து எழுதினேன். தண்ணீர் நிறுத்திய எத்தனையாவது நாள், காலை எத்தனை மணிக்குக் கிள்ளியது, மேலிருந்து எத்தனையாவது இலை. அனுப்பினால் திருப்பிவிட்டது. இரண்டு மாதிரிகளின் விவரம் முழுக்க ஒன்றாக இருந்தால் ஏற்க மாட்டேன் என்கிறது. ஒரே நாளில் ஒரே மாதிரி வாடிய இரண்டு செடி என்றால் விவரம் ஒன்றாகத்தானே இருக்கும்? அதற்காக எல்லோரும் கடைசியில் 1, 2, 3 என்று ஒரு எண்ணைச் சேர்ப்பார்கள். அந்த ராத்திரி இரண்டு மணி மாணவர் எங்கே தடுக்கி விழுந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் தனியாக ஒரு கட்டம் போட்டு, எத்தனையாவது செடி என்று எழுதினேன்.

ரகம் என்ற கட்டத்தில் வந்து நின்றது. அப்பாவுக்கு போன் போட்டேன்.

"அப்பா, நம்ம வீட்டு ராகி என்ன ரகம்?"

"என்ன ரகம்னா? நம்ம ராகிதான்."

"அதுக்குப் பேரு இருக்கும்ல?"

"உங்க பாட்டி ஊர்லேர்ந்து வந்த விதைம்மா. பெரிய ராகின்னு சொல்லுவாங்க. கதிரு விரல் மடக்குன மாதிரி உள்ள வளைஞ்சிருக்கும். எதுக்குக் கேக்குற?"

"கம்ப்யூட்டர்ல எழுதணும்பா."

"அப்ப அதையே எழுது."

தமிழ் எழுத்து அந்தப் படிவத்தில் ஏறாது. ஆங்கில எழுத்தில் பெரிய ராகி என்று எழுதி, உழவரின் வீட்டு விதை, கதிர் உள்வளைந்தது என்று விளக்கம் சேர்த்தேன். ஊர்ப் பெயரிலும் சிக்கல். அரசுப் பலகையில் டெங்கனிக்கோட்டா மாதிரி ஓர் எழுத்துக்கூட்டல், ரசீதில் வேறு, நாங்கள் சொல்வது தேன்கனிக்கோட்டை. பலகையில் இருப்பதை எழுதிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று 12.5 வடக்கு, 77.8 கிழக்கு என்பதையும் போட்டேன். தொடர்புக்கு நிறுவன முகவரியோடு என் சொந்த மின்னஞ்சலையும் கொடுத்தேன். நிறுவன முகவரி வேலை விட்ட மறுநாள் செத்துவிடும்.

இந்த முறை ஏற்றுக்கொண்டது. எண் வந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று தேடல் பெட்டியில் 4511 போட்டு, எங்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடினேன். கவுன்ட் வரியை முதலில் பார்த்தேன்.

பூஜ்யம்.

"கட்டுரை வர்ற வரைக்கும் வெளிய தெரிய வேணாம்னு அடுத்த வருஷ மார்ச் தேதி போட்டுட்டேன்" என்றார் சார், தலையைத் தூக்காமல்.